முடிந்தால் வா!

"அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, முடிந்தால் வாயேன்" என்று டெலிபோனில் சொன்னாள் அக்கா. அவள் மனத்தில் இருந்தது, "உடனே புறப்படு" என்பது. என் காதில் விழுந்ததோ, "முடியாவிட்டால் பரவாயில்லை!" நான்கு நாள் கழித்து ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றேன். நல்ல வேளை, அம்மா பிழைத்துக் கொண்டாள். அக்காதான் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

குற்றம் யாருடையது? அவள் பட்டென்று சொல்லவில்லை. "டாக்டர் என்ன சொன்னார்?" என்று நானும் கேட்கவில்லை. ஆளுக்குப் பாதி!

1977 மார்ச் 27-ம் தேதி டெனரீஃப் தீவின் விமான நிலையத்தில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி, 583 பேர் மாண்டார்கள். மூடுபனி ஒரு காரணம். ரேடியோவில் ஒருவர் சொன்னதை மற்றவர் வேறாக எடுத்துக்கொண்டது இன்னொரு காரணம். அதன் பிறகு விமானிகளின் பேச்சுக்குக் கறாரான விதிகள் வந்தன. வெறும் "சரி" போதாது. கேட்ட உத்தரவைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கும் அந்த விதி நல்லதுதான். "நீ சொல்வது இதுதானே?" என்று கேட்பதில் என்ன நஷ்டம்?

இப்போதெல்லாம் அக்கா, "முடிந்தால்..." என்று ஆரம்பித்தாலே, "உடனேயா, நிதானமாகவா?" என்று கேட்டு விடுகிறேன். அவளும் "உடனே!" என்று சொல்லக் கற்றுக்கொண்டு விட்டாள்.