ஓசி கேம் என்றால் இளக்காரமா?

‘ஓசியில் கிடைப்பது ஒழுங்காக இருக்காது’ என்ற எண்ணம் கம்ப்யூட்டர் விளையாட்டுகள் விஷயத்தில் நன்றாகவே ஊறிப்போயிருக்கிறது. அதோடு, மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும் ‘ஓப்பன் சோர்ஸ்’ என்ற அடைமொழியும் சேர்ந்துவிட்டால் போதும், புகார்கள் வரிசைகட்டும். இன்ஸ்டால் செய்யவே இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டும், வைரஸ் வரும், எல்லாம் மேரியோவைப் பார்த்து அடித்த காப்பி, பாதியில் விட்ட வேலை, நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்குத்தான் அதனால் பயன்.

பொத்தாம்பொதுவாக மல்லுக்கட்டுவதைவிட ஒரு விளையாட்டை எடுத்துவைத்துக்கொண்டு பார்த்துவிடலாம். சூப்பர்டக்ஸ் அதற்குப் பொருத்தமானது. லினக்ஸின் சின்னமாக 1996-ல் லாரி யூயிங் வரைந்த டக்ஸ் என்ற பென்குயின்தான் நாயகன். நோலோக் என்ற வில்லன் கடத்திப்போன தன் காதலி பென்னியைத் தேடி, பனித்தீவு முழுக்க ஓடியும் குதித்தும் போகிறான். பில் கெண்ட்ரிக் தொடங்கிவைத்தார். அதன்பின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தன்னார்வலர்கள் கைமாற்றிக் கைமாற்றி வளர்த்துவருகிறார்கள்.

முதலில் இன்ஸ்டால் புகார். இருபது ஆண்டுகளுக்கு முன் இதில் உண்மை இருந்தது. மூல நிரலை இறக்கி, தேவையான துணை நூலகங்களை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்து, கம்பைல் செய்து, ஏதோ ஒன்று இல்லை என்று திரை சிவக்கும்போது தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்கள் பலர். இன்று நிலைமை வேறு. லினக்ஸ் வினியோகமான உபுண்டுவில் மென்பொருள் கடையைத் திறந்து பெயரைத் தேடி ஒரு பொத்தானை அழுத்தினால் முடிந்தது. டெர்மினல் பழகியவர்களுக்கு ‘சுடோ ஆப்ட் இன்ஸ்டால் சூப்பர்டக்ஸ்’ என்ற ஒரே வரி. விண்டோஸுக்கு வழக்கமான இன்ஸ்டாலர் உண்டு, ‘நெக்ஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’ என்று போகவேண்டியதுதான். ஸ்டீம் வைத்திருப்பவர்கள் அங்கேயே காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்.

சிக்கலே இல்லையா என்றால், உண்டு. லினக்ஸ் வினியோகங்களின் கிடங்கில் இருப்பது சில சமயம் பழைய பதிப்பாக இருக்கும். புதியது வேண்டுமானால் ஃபிளாட்ஹப் என்ற பொதுக் கிடங்கின் பக்கம் போகவேண்டும். விண்டோஸில் ‘அறிமுகமில்லாத வெளியீட்டாளர்’ என்று ஒரு நீலப் பெட்டி எழுந்து நின்று பயமுறுத்தலாம். நிரல்களுக்கு டிஜிட்டல் கையொப்பம் இடும் சான்றிதழுக்குப் பணம் கட்டவேண்டும். வருமானமே இல்லாத தன்னார்வத் திட்டங்கள் பல அதைக் கட்டுவதில்லை. ‘மோர் இன்ஃபோ’வைத் தட்டினால் வழி திறக்கும். இந்தத் தொல்லையைக் கணக்கில் எழுதும்போது எதிர்ப்பக்கத்தையும் எழுதவேண்டும் அல்லவா? இன்ஸ்டால் ஆன பிறகு மின்னஞ்சல் முகவரி கேட்பதில்லை, ஓடிபி கேட்பதில்லை, தொடர்புப் பட்டியலைப் படிக்க அனுமதி கேட்பதில்லை. இரண்டு லெவலுக்கு ஒருமுறை முப்பது விநாடி விளம்பரம் கிடையாது. ‘இலவசம்’ என்று போனில் இறக்கும் கேம்களில் இந்த நான்கையும் தாண்டி விளையாடுவதற்குள் பொறுமை போய்விடுகிறது. அதை யாரும் கஷ்டமான இன்ஸ்டால் என்று சொல்வதில்லை என்பதுதான் வேடிக்கை.

வைரஸ் பயத்தை அப்படிச் சிரித்து ஒதுக்க முடியாது. ஓப்பன் சோர்ஸ் மென்பொருளின் பெயரைச் சொல்லிக் குப்பையைத் திணித்த கதைகள் நிஜம். ஒரு காலத்தில் இந்த உலகின் பெரிய பண்டகசாலையாக இருந்த சோர்ஸ்ஃபோர்ஜ், 2015-ல் ஜிம்ப் ஓவியச் செயலியின் விண்டோஸ் பதிப்போடு விளம்பர மென்பொருளைக் கட்டிக்கொடுத்து வாங்கிக்கட்டிக்கொண்டது. ஆனால் அங்கே கெட்டது ஜிம்ப் அல்ல, அதைச் சுற்றிய பொட்டலம். ஆகவே எங்கிருந்து இறக்குகிறோம் என்பதுதான் விஷயம். விளையாட்டின் சொந்தத் தளம், வினியோகத்தின் கிடங்கு, ஸ்டீம் ஆகியவற்றைத் தாண்டித் தேடுபொறி காட்டும் முதல் ‘ஃப்ரீ டவுன்லோட்’ பொத்தானை அழுத்துகிறவரை எந்த உரிமமும் காப்பாற்றாது.

மூலத்திலேயே விஷம் கலந்தால்? 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்க நூலகத்தில் அதுதான் நடந்தது. நம்பிக்கையைச் சம்பாதித்த ஒரு பங்களிப்பாளர் பின்கதவு ஒன்றை நுழைத்திருந்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாகிறதே என்று உறுத்திய ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் தோண்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார். நிரல் திறந்திருப்பதால் திருட்டு நடக்காது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. சந்தேகப்பட்டவர் உள்ளே போய்ப் பார்க்க முடிந்தது. மூடிய மென்பொருளில் அந்த வசதி இல்லை.

அடுத்தது மேரியோ. இந்தப் புகாரில் பாதியை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். மிஸ்டர் ஐஸ்பிளாக் என்ற பனிக்கட்டி எதிரியின் தலையில் குதித்தால் அவன் உறைந்துபோவான். உதைத்தால் சறுக்கிக்கொண்டே போய் வழியில் வருபவர்களையெல்லாம் சாய்ப்பான். சுவரில் மோதித் திரும்பி வந்து, அசந்து நிற்கும் டக்ஸையும் சாய்ப்பான். மேரியோவின் ஆமை ஓட்டை அறிந்தவர்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை. முட்டையை எடுத்தால் டக்ஸ் வளர்கிறான். பூவை எடுத்தால் நெருப்பு வீசுகிறான். அப்பட்டமான வாரிசுதான்.

ஆனால் இந்த வகை விளையாட்டில் வாரிசாக இல்லாதது எது? 1990-ல் ஜான் கார்மாக், டாம் ஹால் என்ற இரு விளையாட்டு உருவாக்குநர்கள் சேர்ந்து ஒரே இரவில் சூப்பர் மேரியோ பிரதர்ஸ் 3-இன் முதல் லெவலைப் பிசியில் அப்படியே ஓடவைத்தார்கள். பிசியில் திரை அவ்வளவு சீராக நகரும் என்று அதுவரை யாரும் நம்பவில்லை. அவர்கள் செய்துகாட்டிய மாதிரியை மேரியோவின் உரிமையாளரான நின்டெண்டோ ஏற்கவில்லை. அதே உத்தியை வைத்து அவர்கள் அந்த டிசம்பரில் வெளியிட்டதுதான் கமாண்டர் கீன். மூன்றாண்டுகளில் அதே கூட்டம் உலகப் புகழ்பெற்ற டூமை வெளியிட்டது. காப்பியில் தொடங்கியவர்கள் எங்கே போய் நின்றார்கள் பாருங்கள். சட்டத்தின் கண்ணிலும் குதித்து ஓடும் விதிகள் யாருக்கும் சொந்தமில்லை. ஓவியம், இசை, பாத்திரம், லெவல் அமைப்பு ஆகியவைதான் சொந்தம். சூப்பர்டக்ஸில் அவை அதன் ஆட்களே செய்தவை.

அதோடு, விதிகளும் முழுக்க ஒன்றல்ல. சூப்பர்டக்ஸில் ‘மூன்று உயிர்’ என்ற கணக்கு எப்போதோ தூக்கியெறியப்பட்டது. விழுந்து செத்தால் சேர்த்த நாணயங்களில் கொஞ்சம் குறையும். வழியில் தொங்கும் மணியைத் தொட்டிருந்தால் அங்கிருந்தே மறுபடி தொடங்கலாம். உயிர்க் கணக்கை விட்டுவிட்டு நாணயத்தில் அபராதம் போடும் முறைக்கு மேரியோ வந்துசேர்ந்தது 2017-இன் சூப்பர் மேரியோ ஒடிஸியில்தான். பென்குயினைப் பார்த்து மேரியோ காப்பியடித்தான் என்று சொல்ல வரவில்லை.

பாதியில் நிற்கிறது என்ற புகாரில்தான் உண்மை அதிகம். 0.1.3 பதிப்பு வந்தது 2005-ல். 0.6.0-க்கு 2018 டிசம்பர்வரை காத்திருக்க வேண்டியிருந்தது, 0.6.3-க்கு 2021 டிசம்பர். இத்தனை ஆண்டுகளில் பதிப்பு எண் ஒன்றைத் தொடவில்லை. பனித்தீவு இழைத்து இழைத்துச் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் முடிவில் குதித்துக் குதித்து மேலிருந்து பனி ஈட்டிகளை உதிர்க்கும் எட்டியுடனான சண்டை நல்ல சண்டை. அடுத்து வரும் காட்டு உலகம் அந்த அளவுக்கு வரவில்லை என்று ரசிகர்களே குறைப்பட்டதுண்டு. சம்பளமில்லாத வேலை விட்டுவிட்டுத்தான் நடக்கும்.

ஆனால் விட்டுவிட்டு நடப்பது வேறு, செத்துப்போவது வேறு. பிரவுசிங் சென்டர் காலத்தில் ஒரு தலைமுறை விளையாடிய ஃபிளாஷ் கேம்கள், அடோபி 2020 டிசம்பர் 31-ல் ஃபிளாஷுக்கான ஆதரவை நிறுத்தியதும் பிரவுசரிலிருந்து மொத்தமாகக் காணாமல்போயின. ரசிகர்கள் தனியாகச் சேமித்துவைத்தவைதான் மிச்சம். யூபிசாஃப்ட் தன் ‘தி க்ரூ’ கார்ப் பந்தய விளையாட்டின் சர்வர்களை 2024 மார்ச் இறுதியில் அணைத்தபோது, காசு கொடுத்து வாங்கியவர்களும் ஒரு அடி ஓட்ட முடியவில்லை. சூப்பர்டக்ஸை உருவாக்குபவர்கள் நாளைக்கே கடையைச் சாத்தினாலும் நிரல் ஜிபிஎல் என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்தில் வெளியே கிடக்கிறது. அடுத்தவர் எடுத்துத் தொடரலாம். ஏற்கெனவே பலமுறை அப்படித்தான் தொடர்ந்திருக்கிறது.

கடைசிப் புகார், ‘உள்ளே பார்க்கலாம் என்கிறீர்கள், நிரல் தெரியாதவன் பார்த்து என்ன செய்வான்?’ என்பது. 0.5.0 பதிப்பு முதல் விளையாட்டுக்குள்ளேயே லெவல் எடிட்டர் இருக்கிறது. மவுஸால் பனிப்பாறையை இழுத்துவைத்து, எதிரியை நிறுத்தி, உடனே ஓட்டிப் பார்க்கலாம். நிரல் ஒரு வரி வேண்டாம்.

இன்னும் கொஞ்சம் துணிந்தவர்கள் லெவல் கோப்பையே நோட்பேடில் திறக்கலாம். ‘எஸ்டிஎல்’ என்று முடியும் கோப்பு அது. 3டி அச்சுக்கான கோப்புகளும் அதே எழுத்துகளில் முடிவதால் டபுள்-கிளிக் செய்தால் சம்பந்தமில்லாத வேறொரு செயலி திறந்து விழிக்கவும் கூடும். உள்ளே இருப்பது வெறும் எழுத்துதான். அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக லெவலின் பெயர், செய்தவர் பெயர், எந்த இடத்தில் எந்த எதிரி என்ற விவரம். முதல் லெவலான ‘வெல்கம் டு அண்டார்டிகா’வின் பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோடு நிற்கும். இந்தத் தொடரை மொழிபெயர்க்கலாம் என்பதற்கான அடையாளம் அது. கெண்ட்ரிக்கின் இன்னொரு பிள்ளையான டக்ஸ் பெயிண்ட் என்ற ஓவியச் செயலி தமிழில் இயங்குவதும் யாரோ சிலர் இப்படிப்பட்ட தொடர்களை உட்கார்ந்து தமிழாக்கியதால்தான். அதற்கு அவர்கள் நிரல் எழுதத் தேவையிருக்கவில்லை. எடிட்டரில் ஒவ்வொரு பகுதிக்கும் ஈர்ப்புவிசை என்று ஓர் எண் உண்டு. அதைப் பாதியாக்கிவிட்டு ஓட்டினால், பத்து முறை விழுந்த பள்ளத்தை டக்ஸ் மிதந்துகொண்டே தாண்டிவிடுவான். சொந்தமாகச் செய்த லெவலில் முயன்று பார்க்கலாம்.