பணி ஆணையும் டு-லெட் பலகையும்

2017 ஜூன் 17 அன்று கொச்சி மெட்ரோ தொடங்கப்பட்டபோது ரயிலுக்கு இணையாகப் பேசப்பட்டது அதன் பணியாளர்களைப் பற்றித்தான். நிலையப் பணிகளைக் கேரள அரசின் மகளிர் அமைப்பான குடும்பஸ்ரீ ஏற்றிருந்தது. டிக்கெட் கவுண்டரிலும் துப்புரவுப் பணியிலுமாக இருபதுக்கும் மேற்பட்ட திருநங்கைகளுக்கு வேலை கொடுத்திருந்தார்கள். ஒரு பொதுப் போக்குவரத்து நிறுவனம் இத்தனை பேரை ஒரே தடவையில் சேர்த்துக்கொண்டது இந்தியாவுக்குப் புதிது. வெளிநாட்டு ஏடுகளும் மெச்சி எழுதின. அந்த மை காயும் முன்பே எட்டுப் பேர் வேலையை விட்டுவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. அவர்கள் சொன்ன காரணம் ரயில் நிலையத்துக்கு வெளியே இருந்தது. கொச்சியில் அவர்களுக்கு வாடகைக்கு வீடு கொடுக்க ஆள் இல்லை. லாட்ஜில் அறை எடுத்தால் நாளுக்கு 400 முதல் 600 ரூபாய். சம்பளமோ பலருக்கு மாதம் பத்தாயிரத்தை ஒட்டி. குறைந்த வாடகையிலேயே கணக்குப் போட்டாலும் முப்பது நாளுக்கு 12,000 ரூபாய் ஆகிறது. இத்தனைக்கும் திருநர் நலனுக்கென்று நாட்டிலேயே முதலில், 2015இல், தனிக் கொள்கை வெளியிட்ட மாநிலம் கேரளம்.

ஒருவருக்கு வேலை கொடுப்பதையும் அந்த வேலையில் அவர் நிலைப்பதையும் நாம் ஒன்றாகவே எண்ணிக்கொள்கிறோம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வீடு இருக்கிறது. காலையில் குளித்து, சீருடை தேய்த்து உடுத்தி, பூட்டிவிட்டுக் கிளம்பும் வீடு. அது இல்லாதவரைப் பணியில் சேர்த்துவிட்டுப் பன்மைத்துவம் பேசும் நிறுவனம் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது என்பது என் வாதம்.

முதல் பாதியும் எளிதாகக் கிடைத்ததில்லை. தமிழ்நாட்டில் திருநங்கையான பிரித்திகா யாஷினி காவல் உதவி ஆய்வாளர் தேர்வுக்கு விண்ணப்பித்தபோது படிவத்தில் ஆண், பெண் என இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. எழுத்துத் தேர்வுக்கும் உடல்தகுதித் தேர்வுக்கும் அவர் நீதிமன்றப் படியேறியே போக வேண்டியிருந்தது. 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2017இல் அவர் தருமபுரியில் உதவி ஆய்வாளராகப் பொறுப்பேற்றார். அதற்கு முன்பே, 2008இல், திருநங்கைகளுக்கான நலவாரியத்தை இந்தியாவிலேயே முதலில் அமைத்த மாநிலம் இது. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தும் இருந்தது. இவ்வளவு இருந்தும் ஒரு விண்ணப்பப் படிவத்தின் கட்டம் ஒருவரை நீதிமன்றம் வரை இழுத்தது. ஆனால் படிவத்தின் மீது வழக்குப் போடலாம். “வீடு காலி இல்லைம்மா, இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனாங்க” என்று சிரித்த முகத்தோடு சொல்லப்படும் மறுப்பின் மீது எந்த வழக்கைப் போடுவது? டு-லெட் பலகை மறுநாளும் அதே கேட்டில் தொங்கிக்கொண்டிருக்கும். சாதியின் பேரால், மதத்தின் பேரால், “சைவம் மட்டும்” என்ற நாகரிகமான சொல்லின் மறைவில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எல்லோரும் அறிந்த பலகைதான் அது.

என் வீடு, என் விருப்பம் என்று வீட்டுக்காரர் சொல்வார். குடியிருக்கும் வீட்டின் சமையலறைக்குள் யாரை அழைப்பது என்பது அவர் விருப்பம்தான், மறுக்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு ஊரார் யாருக்கும் விடுவதாகப் பலகை தொங்கவிட்ட பிறகு அது வியாபாரம். 2019இல் இயற்றப்பட்ட திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், குடியிருக்கவும் வாடகைக்கு எடுக்கவும் உள்ள உரிமையில் பாகுபாடு காட்டக் கூடாது என்று சொல்லிவிட்டது. வருத்தம் என்னவென்றால், அதே சட்டத்தின் தண்டனைப் பிரிவில் கொத்தடிமையாக்குவது, பொது இடத்தில் நுழைய விடாமல் தடுப்பது, வீட்டை விட்டோ ஊரை விட்டோ துரத்துவது, உடலுக்கும் மனதுக்கும் தீங்கு செய்வது ஆகியவை இடம்பெற்றன. வாடகை மறுப்பு இடம்பெறவில்லை. தடை உண்டு, தண்டனை இல்லை. வீட்டுக்காரர்கள் எல்லோரையும் கொடியவர்கள் என்றும் நான் நினைக்கவில்லை. எனக்கு ஆட்சேபம் இல்லை, அக்கம்பக்கத்தில்தான் பேசுவார்கள் என்று தயங்குகிறவர்கள் நிறைய. அந்தத் தயக்கத்தைத் தணிக்க ஒரு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

சம்பளம் கொடுப்பதோடு முதலாளியின் கடமை முடிந்தது, வீடு பார்த்துக் கொடுப்பது அவர் வேலையா என்பது அடுத்த கேள்வி. நம் ஊர்த் தொழில் வரலாறே இதற்குப் பதில் சொல்கிறது. நெய்வேலியில் நிலக்கரி வெட்ட ஆள் வேண்டியிருந்தபோது சுரங்கத்தோடு ஒரு நகரியத்தையும் கட்டினார்கள். திருச்சி பெல் ஆலைக்கும் குடியிருப்பு உண்டு. காவலர்களுக்கென்று வீட்டுவசதிக் கழகமே இருக்கிறது. அண்மைச் சான்று இன்னும் பொருத்தமானது: ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதிகளைத் தமிழக அரசின் சிப்காட் நிறுவனம் 706.50 கோடி ரூபாயில் கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தது. அப்பகுதி ஆலையில் ஐபோன் தயாரிக்கப் பெண்கள் வேண்டும், அவர்கள் வெளியூரிலிருந்து வர வேண்டும், வந்தால் தங்க இடம் வேண்டும் என்பதை எவரும் தருமக் கணக்கில் எழுதவில்லை. தொழிலுக்கான முதலீடாகவே பார்த்தார்கள். தேவைப்படும் தொழிலாளிக்கு வீடும் வேலையின் பகுதியாகிவிடுகிறது. திருநங்கை விஷயத்தில் மட்டும் அது அவருடைய சொந்தப் பிரச்சினை என்று கைகழுவுகிறோம் என்றால், அவரை நாம் உண்மையில் தேவையான தொழிலாளியாக நினைத்தோமா என்று கேட்கத் தோன்றுகிறது.

பத்தாயிரம் சம்பளத்தில் யாருக்குமே நகரத்தில் வீடு எடுப்பது கஷ்டம்தானே என்பார்கள். உண்மை, அந்தச் சம்பளம் எல்லோருக்கும் போதாது. ஆனால் மற்றவர் சித்தப்பா வீட்டில் இரண்டு மாதம் ஒண்டிக்கொள்கிறார், ஊர்க்காரப் பையனோடு அறையைப் பகிர்ந்துகொள்கிறார், அட்வான்ஸுக்கு அம்மாவின் நகையை அடகு வைக்கிறார். திருநங்கைகளில் மிகப் பலர் பதின்வயதிலேயே வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டவர்கள். ஜாமீன் சொல்ல உறவில்லாமல், பிறந்த வீட்டு வாசலையும் மிதிக்க முடியாமல், ஒரே சம்பளத்தில் அவர் இரண்டு மடங்கு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது.

என்னைத் தயங்கவைக்கும் ஆட்சேபம் ஒன்றுதான்: தனி விடுதி கட்டினால் அது ஊருக்கு வெளியே இன்னொரு சேரியாகிவிடாதா? ஆகிவிடும். ஒதுக்கி வைப்பதில் நமக்கு இருக்கும் பழக்கம் அப்படி. ஆகவே விடுதியை வந்திறங்கிய முதல் சில மாதங்களுக்கான ஏற்பாடாக மட்டும் வைத்துக்கொண்டு, அதன் பிறகு ஊருக்குள் பல தெருக்களில் வாடகை வீடுகளுக்குப் போவதே சரி. இங்குதான் அந்த வழி வருகிறது. மேலாளர் மாற்றலாகி வரும்போது நிறுவனமே தன் பெயரில் வீடு பிடிக்கிறது. கம்பெனி லீஸ் என்றதும் வீட்டுக்காரர் முகம் மலர்கிறது. வாடகை தவறாது, ஏதாவது என்றால் கேட்க ஓர் அலுவலகம் இருக்கிறது, அக்கம்பக்கத்தாருக்குச் சொல்ல ஒரு பெயரும் இருக்கிறது. அதே கையெழுத்தை டிக்கெட் கவுண்டர் ஊழியருக்காகவும் போடலாம். வாடகையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டால் நிறுவனத்துக்கு ஆகும் செலவு, திறப்பு விழாப் பந்தலுக்கு ஆவதில் ஒரு துளிதான். கொச்சியில் நின்றுவிட்ட எட்டுப் பேரும் இருவர் இருவராகத் தங்கியிருந்தால் தேவைப்பட்டவை நான்கு வீடுகள். ரயில் ஓடத் தொடங்கும் முன் நிறுவனத்தின் பெயரில் நான்கு வாடகை ஒப்பந்தங்கள் கையெழுத்தாகியிருக்கலாம்.