தேய்ந்த வெள்ளிக்காசும் பதிவுக்குரியதே

ஒரு நிகழ்வையோ ஒரு மனிதரையோ நினைவுகூர்வதற்காக அரசு வெளியிடும் நினைவு நாணயம், சுதந்திர இந்தியாவில் 1964இல் நேருவின் உருவம் தாங்கிய ஒரு ரூபாய், ஐம்பது பைசா நாணயங்களோடு தொடங்கியது. அவை நிக்கலால் ஆனவை. வெள்ளி இவ்வரிசைக்குள் வந்தது 1969இல், காந்தி நூற்றாண்டுக்காக வெளியான பத்து ரூபாய் நாணயத்தின் வழியாகவே. அதிலிருந்து 1974 வரையிலான ஐந்தாறு ஆண்டுகளின் வெளியீடுகளைச் சேகரிப்போர் பலர். அவற்றை ஒரு தொடராக எடுத்து ஆராய்ந்தோர் சிலரே.

இத்தொடரின் உண்மையான கதை எடையிலும் மாற்றிலும் இருக்கிறது. மாற்று என்பது உலோகக் கலவையில் தூய வெள்ளி எத்தனை பங்கு என்பதைக் குறிக்கும் அளவு. காந்தி நாணயம் 15 கிராம் எடையும் 80 விழுக்காடு வெள்ளியும் கொண்டது என்பதால், அதில் 12 கிராம் தூய வெள்ளி இருக்கிறது. உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் முயற்சியையொட்டி ‘அனைவருக்கும் உணவு’ என்ற முழக்கத்துடன் 1970இல் வெளியான பத்து ரூபாயும் இதே அளவினது. ஆனால் 1972இல், சுதந்திர வெள்ளிவிழாவுக்கான பத்து ரூபாய் 22.5 கிராமாகக் கனத்தபோது மாற்று 50 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ஆகவே கைக்குக் கனமாகத் தெரிந்த அந்தப் புதிய நாணயத்தில் உள்ள தூய வெள்ளி 11.25 கிராம் மட்டுமே, அதாவது மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய இலகுவான நாணயத்தில் இருந்ததைவிடக் குறைவு. 1974இன் ஐம்பது ரூபாய் நாணயத்தில் முகமதிப்பு, அதாவது நாணயத்தில் பொறித்த மதிப்பு, ஐந்து மடங்காகியும் வெள்ளி 17.35 கிராமைத் தாண்டவில்லை. விலையேற்றமும் வெள்ளித் தட்டுப்பாடும் நாணயத்தின் உடலிலேயே எழுதப்பட்டிருக்கும் இத்தகைய தொடர் வேறு எங்கும் இவ்வளவு தெளிவாகக் கிடைப்பது அரிது.

அடையாளம் காண்பதில் ஒரு பொதுக்குழப்பத்தையும் இங்கே நீக்க வேண்டியிருக்கிறது. காந்தி நாணயத்தில் வெளியான ஆண்டு இல்லை. அதில் உள்ள 1869, 1948 ஆகியவை அவருடைய பிறப்பு, மறைவு ஆண்டுகள். புதிதாகச் சேகரிக்கத் தொடங்குவோர் அதை 1948ஆம் ஆண்டு நாணயம் என்று எழுதிவிடுகின்றனர். ஆண்டுகளுக்குக் கீழே உள்ள சிறு புள்ளி பம்பாய் நாணயச்சாலையைக் காட்டும். குறி ஏதும் இல்லாதது கல்கத்தாவினது. ஆங்கில ‘பி’ எழுத்து இருந்தால், அது மெருகேற்றிய அச்சால் சேகரிப்போருக்கென்றே தனியே அடிக்கப்பட்ட புரூஃப் நாணயம். உருப்பெருக்கியின் கீழ் ஒரு நிமிடம் பார்த்தாலே தெரிந்துவிடும் இக்குறிகளைப் பல பட்டியல்கள் இன்னும் பதிவதில்லை.

திருத்துறைப்பூண்டி வட்டாரத்தைப் போன்ற காவிரிக் கடைமடைப் பகுதிகளில் இந்த நாணயங்கள் பெரும்பாலும் பூசையறைத் தட்டிலோ இரும்புப் பெட்டியின் அடியிலோ கிடந்து வந்தவை. கடற்காற்றின் ஈரத்தில், காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் வெள்ளியின் மேல் கறுப்பு ஏறுவது இயல்பு. அதைத் திருநீறு போட்டோ புளி போட்டோ தேய்த்துப் பளபளக்கச் செய்யும் வீட்டு வழக்கம்தான் நாணயத்துக்குப் பெருங்கேடு. தேய்த்த இடத்தில் ஓடும் நுண்கோடுகள், அச்சில் பதிந்தபோது மேற்பரப்பில் உண்டான பொலிவை மீட்க முடியாதபடி அழித்துவிடுகின்றன. அரை வெள்ளி நாணயங்களில் செம்பு மிகுதி என்பதால் அவற்றில் பச்சைப் பூச்சும் படியும். 2018 நவம்பர் 16 அன்று இக்கரையைத் தாக்கிய கஜா புயலுக்குப் பிறகாவது, வெள்ளம் வந்தால் எல்லாம் ஒருசேர நனையும்படி அட்டைப் பெட்டியையும் சான்றுத்தாளையும் நாணயத்தோடு ஒரே இடத்தில் வைக்கும் வழக்கம் கைவிடப்பட வேண்டும்.

தேய்ப்பதைவிட மோசமானது உருக்குவது. வெள்ளி விலை ஏறும்போதெல்லாம், உலோக மதிப்பு முகமதிப்பைத் தாண்டிய நாணயங்கள் பட்டறைக்குப் போய்க் கொலுசாகவும் அரைஞாணாகவும் மாறுகின்றன. நாணயங்களை உருக்குவதை 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டம் தடுக்கிறது. ஆயினும் காசு தராசில் ஏறும் இடத்தில் சட்டத்தின் பெயர் ஒலிப்பதில்லை.

அமெரிக்க அனுபவம் இங்கே பயன்படும். 1892இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்காக அடிக்கப்பட்ட கொலம்பஸ் அரை டாலர், அந்நாட்டின் முதல் நினைவு நாணயம். முகமதிப்பின் இரட்டிப்பு விலையான ஒரு டாலருக்கு விற்கப்பட்டது. 1893இல் அடித்த சுமார் 40 லட்சத்தில் 25 லட்சம் விற்காமல் உருக்கப்பட்டன. எஞ்சியவற்றுள் ஏராளமானவை கடைத்தெருவில் சாதாரண அரை டாலராகவே புழங்கின. அதனால் அந்நாட்டுச் சேகரிப்போர், தேய்ந்த கொலம்பஸ் நாணயத்தைக் குறைபாடாகக் கருதாமல், புழக்கத்தின் சான்றாகவும் வகைப்படுத்தக் கற்றுக்கொண்டனர். நம்மிடையே இன்னும் புரூஃபைத் தேடும் ஆர்வமே மேலோங்கி நிற்கிறது.

இன்றைய வெளியீடுகளின் இயல்பு வேறு. தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக வெளியான ஆயிரம் ரூபாய் நாணயம், 35 கிராம் எடையும் 80 விழுக்காடு வெள்ளியும் கொண்டு, அந்த முகமதிப்பில் குடியரசு வெளியிட்ட முதல் நாணயமாயிற்று. திருக்குவளையில் பிறந்த மு. கருணாநிதிக்கு 2024இல் நூறு ரூபாய் நாணயமும் வந்தது. இவை பெட்டியிலிருந்து பெட்டிக்கே போகின்றன. யார் கையில் எப்படிப் புழங்கின என்ற கேள்வி இவற்றுக்கு இல்லை. அந்தக் கேள்விக்கு விடை தரக்கூடியவை 1969 முதல் 1974 வரையிலான நாணயங்களே.

ஆகவே நாணயவியலாளர்கள் தம் பகுதியில் கண்ணில்படும் இத்தொடரின் ஒவ்வொரு நாணயத்தையும், அது எவ்வளவு தேய்ந்திருந்தாலும், நூறில் ஒரு பங்கு கிராம் வரை எடை, விட்டம், நாணயச்சாலைக் குறி, விளிம்பின் நிலை, எந்த ஊரில் எத்தகைய வீட்டிலோ கடையிலோ கிடைத்தது ஆகிய விவரங்களுடன் பதிந்து அனுப்புமாறு இவ்விதழ் கேட்டுக்கொள்கிறது. உரிமையாளரின் பெயர் தேவையில்லை. நாணயத்தைத் துடைக்காமல், இருபுறமும் சாய்ந்த ஒளியில் படம் எடுத்தால் போதும்.