கோர்ட் இருக்கு, கோச் இருக்கார்... கூட நடக்க ஆள் எங்கே?

உறவுகளே, நம்ம ஊர்ப் பிள்ளை மாநில அளவுல டென்னிஸ்ல ஜெயிச்சா உடனே வாழ்த்து கார்டு போடுறோம். போடுங்க, தப்பில்ல. ஆனா அந்தக் கார்டுக்கு அப்புறம் வர்ற மூணு நாலு வருஷத்துலதான் பாதிப் பிள்ளைங்க காணாமப் போறாங்க. அதைப் பேசத்தான் இந்தப் பதிவு.

16 வயசு வரைக்கும் நல்ல கோச் போதும். அதுக்கப்புறம் வர்ற கேள்விகளே வேற. அமெரிக்க காலேஜ் ஸ்காலர்ஷிப்பா, நேரா புரொஃபஷனல் சுற்றா? எந்த நாட்டுப் போட்டிக்குப் போறது? காயம்பட்டா யார்கிட்ட காட்டுறது? தொடர்ந்து ஆறு வாரம் முதல் ரவுண்டுலயே தோத்தா, ராத்திரி ஹோட்டல் ரூம்ல யார் பேசுவா?

கணக்கையும் பாருங்க. ஆண்கள்ல ஆரம்பநிலைப் போட்டிக்கு மொத்தப் பரிசே 15,000 டாலர். சாம்பியனுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். முதல் ரவுண்டுல தோத்தவருக்கு 150 டாலர் சுமார். இதுல ஃபிளைட், ரூம், சாப்பாடு, ஸ்ட்ரிங் செலவு எல்லாம் பார்க்கணும். வாங்குற ரேங்கிங் புள்ளியும் 52 வாரத்துல காலாவதி. தேனியிலயோ சேலத்துலயோ இருக்குற அப்பா அம்மாவுக்கு இதை யார் சொல்லித் தர்றது?

ராமநாதன் கிருஷ்ணனுக்கு வீட்டுலயே ஆள் இருந்தார், அப்பா டி.கே.ராமநாதன். 1954ல ஜூனியர் விம்பிள்டன், 1960, 61ல விம்பிள்டன் அரையிறுதி. மகன் ரமேஷ் 1979ல அதே ஜூனியர் பட்டம். லியாண்டர் பயஸ் வீடு விளையாட்டு வீடுதான், ஆனா டென்னிஸ் வீடு இல்ல. அப்பா ஹாக்கி. கொல்கத்தாவுல இருந்து 12 வயசுல சென்னைக்கு வந்து, அமிர்தராஜ் குடும்பம் பிரிட்டானியா கம்பெனி பணத்துல நடத்துன அகாடமியில சேர்ந்தார். உலகம் சுத்தி ஆடுன விஜய் அமிர்தராஜோட அனுபவம் அந்தப் பசங்களுக்குப் பக்கத்துலயே கிடைச்சுது. 1990ல ஜூனியர் விம்பிள்டன், 1996ல ஒலிம்பிக் வெண்கலம். நடந்தது நம்ம சென்னையில!

சென்னை ஓப்பன் 2018ல புனேவுக்குப் போயிடுச்சுன்னு இன்னும் புலம்புறவங்க உண்டு. வருத்தம் நியாயம்தான். ஆனா 1997லேர்ந்து 21 வருஷம் நுங்கம்பாக்கத்துல பெரிய பெரிய ஆட்டக்காரங்களைப் பார்த்தோமே, அதுல எத்தனை பேரை உருவாக்கினோம்?

'டென்னிஸ் பணக்காரங்க ஆட்டம், இதுக்கு ஏன் அரசு?'ன்னு கமென்ட்ல வருவீங்க, தெரியும். இப்போ வழிகாட்டியோட வேலையை அப்பாவோட பணம் செய்யுது. அதனாலதான் அது பணக்காரங்க ஆட்டமாவே இருக்கு.

நாம கேட்கவேண்டியது இதுதான்: சுற்றுல ஆடி ஓய்வுபெற்றவங்களை அரசு சம்பளத்துல வழிகாட்டிகளா வைக்கணும். 2019ல உலக ரேங்கிங்ல 75 வரைக்கும் போன பிரஜ்னேஷ் குணேஸ்வரன் 2024ல ஓய்வு பெற்றார். இப்படிப்பட்டவங்க அனுபவத்தை வீணடிக்கலாமா? ஒருத்தருக்கு நாலஞ்சு பிள்ளைங்க, குறைஞ்சது மூணு வருஷம். ஃபோட்டோ எடுக்க ஒருநாள் முகாம் வேண்டவே வேண்டாம்.

உங்க மாவட்டத்துல டென்னிஸ் ஆடுற பிள்ளைங்க இருந்தா, அவங்க பேரை இங்க போடாதீங்க, சின்னப் பசங்க. பெற்றோர்கிட்ட பேசி, எந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காம நிக்கிறாங்கன்னு மட்டும் இன்பாக்ஸ்ல எழுதுங்க. தொகுத்து, கோரிக்கை மனுவோட தலைமைக்குக் கொடுக்குறோம்.