பந்தயம் எங்கே நடக்க வேண்டும் என்று யாரைக் கேட்டு முடிவு செய்தார்கள்?



2024 செப்டம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை இரவு. முட்டத்தில் எங்கள் மாலை வகுப்பு முடிந்து ஒரு மணி நேரம் ஆகியும் பையன்கள் வீட்டுக்குப் போகவில்லை. ஒரே ஒரு செல்போனைச் சுற்றிப் பத்துப் பதினைந்து தலைகள். சென்னையில் ஃபார்முலா 4 கார் பந்தயம். விளக்கு வெளிச்சத்தில் நேப்பியர் பாலத்தின் மேல் கார்கள் பறந்தன. நானும் எட்டிப் பார்த்தேன். பொய் சொல்வானேன், எனக்கும் பிடித்திருந்தது.

பிளஸ் டூ படிக்கிற ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, இது நெசமாவே பஸ் போற ரோடா?"

"ஆமாடே."

"அப்போ அந்த ரோட்டுல நாம பைக்கக் கொண்டு போனா விடுவாவளா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அன்றைக்கு அவனுக்கு நான் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு பெரிய மோட்டார் பந்தயத்தை எங்கே நடத்துவது என்று ரசிகர்கள் பேசினால் பேச்சு ஒரே மாதிரிதான் போகும். எத்தனை பேர் உட்காரலாம், எந்த இருக்கையிலிருந்து பாதை தெரியும், ரயில் நிலையம் பக்கமா, மழை பெய்தால் என்ன செய்வது. ஐரோப்பாவில் 'ஸ்பீட்வே' என்று ஒரு பைக் பந்தயம் உண்டு. பிரேக் இல்லாத பைக்குகள், முட்டை வடிவ மண் பாதை, நான்கு பேர், நான்கு சுற்று. இங்கிலாந்தை அடுத்த வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரத்தில் 2001 முதல் அதன் உலகப் போட்டியை ஒரு ரக்பி ஸ்டேடியத்துக்குள் நடத்தினார்கள். மண்ணை லாரியில் கொண்டுவந்து கொட்டிப் பாதை போடுவார்கள். போட்டி முடிந்ததும் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். சத்தம், கூட்டம், விளக்கு எல்லாம் ஏற்கெனவே அதற்கென்று கட்டிய சுவர்களுக்குள்.

சென்னையில் அப்படிச் செய்யவில்லை. தமிழ்நாட்டில் பந்தயப் பாதை இல்லாததால் சாலைக்கு வந்தார்களா என்றால் அதுவும் இல்லை. சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுபாதையில் பல பத்தாண்டுகள் பந்தயம் நடந்தது. 1990இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பாதை வந்துவிட்டது. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' இருக்கிறது. பந்தயத்துக்கென்றே கட்டிய இரண்டு பாதைகள் இருக்கும்போது தீவுத்திடலைச் சுற்றி, கொடிமரச் சாலை, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் என்று மூன்றரை கிலோமீட்டர் பொதுச் சாலையைத் தடுப்புச் சுவர் வைத்து மூடினார்கள். பக்கத்திலேயே ஓமந்தூரார் அரசு மருத்துவமனை இருக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் ஒரு தனியார் நிறுவனமும் சேர்ந்து நடத்திய பந்தயம் இது. 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது, மிக்ஜாம் புயல் வெள்ளத்தால் தள்ளிப்போனது. அரசு ஒதுக்கிய சுமார் 42 கோடி ரூபாய் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. நீதிமன்றம் நிபந்தனைகளோடு அனுமதித்தது.

இதுவரை எல்லாப் பத்திரிகையிலும் வந்த செய்தி. நாம் பேச வேண்டியது அந்த இடத்தைப் பற்றி.

தீவுத்திடலை ஒட்டிக் கூவம் ஓடுகிறது. அந்தக் கரையில் சத்தியவாணி முத்து நகர் என்று ஒரு குடியிருப்பு இருந்தது. பெயரைக் கவனியுங்கள். சத்தியவாணி முத்து தி.மு.க.வின் தலித் தலைவர், அமைச்சர். 1974இல் கட்சியை விட்டு வெளியே வந்து தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் கண்டவர். 1979இல் ஒன்றிய அமைச்சரானவர். அவர் பெயரைத் தாங்கிய அந்தக் குடியிருப்பை 2019 டிசம்பர் இறுதியில் இடிக்கத் தொடங்கினார்கள். பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்கும் நேரம். கூவத்தைச் சீரமைக்கிறோம், வெள்ளத்திலிருந்து உங்களைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி 20 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிற பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். வேலை, பள்ளிக்கூடம், சந்தை, ஆஸ்பத்திரி எல்லாம் சென்ட்ரலைச் சுற்றி. வீடு மட்டும் பெரும்பாக்கத்தில்.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கார் பந்தயத்துக்காக அவர்களை அகற்றவில்லை. அகற்றியது ஒரு ஆட்சி, பந்தயம் நடத்தியது வேறொரு ஆட்சி. இரண்டையும் முடிச்சுப் போட்டு 'சதி' என்று எழுதினால் முகநூலில் நிறைய லைக் விழும், ஆனால் அது உண்மையாகாது. உண்மை இதைவிட மோசமானது என்பது என் கருத்து. யாரும் சதி செய்யத் தேவையே இருக்கவில்லை. அந்த இடத்தில் ஏழைகள் வாழ்ந்தபோது அது 'ஆபத்தான நீர்நிலைப் புறம்போக்கு'. ஐந்து வருடம் கூட ஆகவில்லை, பக்கத்திலேயே அது 'உலகத் தரம் வாய்ந்த இரவுப் பந்தயக் களம்'. கூவம் அதே கூவம்தான். யாருக்கு அந்த இடம் பொருத்தம் என்ற கணக்கு மட்டும் மாறியிருக்கிறது.

சமூகவியல் படிக்கிற தம்பி தங்கைகள் ஆன்றி லெஃபெவ்ர் 1968இல் எழுதிய 'நகரத்தின் மீதான உரிமை' பற்றி வகுப்பில் கேட்டிருப்பீர்கள். எம்.ஏ. படிக்கும்போது நானும் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதினேன். ஆனால் எங்கள் நாஞ்சில் நாட்டுக்கு அதைக் கற்றுக்கொள்ளப் பாரிஸ் வரை போக வேண்டியதில்லை. 1956 வரை நாங்கள் திருவிதாங்கூரில் இருந்தோம். அந்தத் திருவிதாங்கூரில் 1893இல் அய்யன்காளி ஒரு வில்லுவண்டி வாங்கி, நல்ல உடை உடுத்தி, தலித்துகளுக்கு மறுக்கப்பட்ட பொதுப்பாதையில் ஓட்டிக்கொண்டு போனார். மாடு பூட்டிய வண்டிதான். ஆனால் அன்றைய சாதிக்கு அதன் வேகம் தாங்கவில்லை. சுசீந்திரத்தில் 1926இல் நடந்த சத்தியாகிரகமும் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்காகத்தான். மகாத் குளத்தில் பாபாசாகேப் தண்ணீர் அள்ளியது அதற்கு அடுத்த வருடம், 1927 மார்ச் 20.

தெரு, குளம், சாலை எல்லாம் 'பொது' என்று எழுதியிருக்கும். அந்தப் பொதுவுக்குள் நாம் இருக்கிறோமா என்பதை ஒவ்வொரு தடவையும் நாமே போய்ச் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

அதெல்லாம் பழைய கதை என்பவர்களுக்கு ஒரு புதிய கதை. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. எங்கள் முன்னால் நீ புல்லட் ஓட்டுவதா என்று சொல்லித்தான் வெட்டினார்கள் என்பது குடும்பத்தின் புகார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்கு பதிவானது. மோட்டார் வாகனம், வேகம், சாலை என்று பேசும்போது தமிழ்நாட்டில் அந்தப் பையனை விட்டுவிட்டுப் பேச முடியாது.

என் தம்பி கேட்ட கேள்விக்கு இதில்தான் பதில் இருக்கிறது. சென்னை மெரினா பக்கம் ராத்திரி பைக் ரேஸ் விடுகிற பையன்களைப் போலீஸ் பிடிக்கிறது, வண்டியைப் பறிமுதல் செய்கிறது. செய்யட்டும். அதில் உயிர் போகிறது, நான் அதை ஆதரிக்கவில்லை. ஆனால் அந்தப் பையன்களில் பலர் எந்த ஏரியா என்று விசாரித்துப் பாருங்கள். ஓட்டிப் பழக அவர்களுக்கு ஒரு பாதையும் கிடையாது, பயிற்சியும் கிடையாது. ஃபார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியர் கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன். 2005இல் அவர் அங்கே போனது நமக்கும் பெருமைதான். அவர் திறமையில் சந்தேகம் இல்லை. ஆனால் மோட்டார் பந்தயத்துக்குள் நுழையும் வாசலிலேயே லட்சங்களில் கட்டணம் இருக்கிறது. நம் தெருவிலிருந்து ஒரு பிள்ளை எந்த வழியாகப் போவது?

"எல்லாத்தையும் எதிர்த்தா எப்படி? ஊருக்கு நாலு பெரிய நிகழ்ச்சி வேண்டாமா?" என்று கேட்பார்கள். நம் தோழர்களே கேட்பார்கள். வேண்டும். விளையாட்டு வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். சாலை புதிதானது, விளக்கு வந்தது, சுற்றுலா வளரும் என்ற வாதங்களிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் மற்ற இடங்களில் என்ன மிஞ்சியது என்று பார்ப்போம். ஹைதராபாத்தில் ஹுசேன் சாகர் ஏரிக்கரைச் சாலையில் 2023 பிப்ரவரியில் மின்சாரக் கார்களின் ஃபார்முலா ஈ நடந்தது. ஆட்சி மாறியது, அடுத்த வருடப் பந்தயம் ரத்து. கிரேட்டர் நொய்டாவில் 'புத்' சர்வதேசப் பந்தயப் பாதையில் 2011, 2012, 2013 என்று மூன்றே மூன்று வருடம் ஃபார்முலா 1 ஓடியது. அதே கௌதம புத்த நகர் மாவட்டத்தில்தான், யமுனை விரைவுச்சாலைத் திட்டத்துக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து 2011 மே மாதம் பட்டா பர்சௌல் விவசாயிகள் போராடினார்கள். மோதலில் இரு தரப்பிலும் உயிர்கள் போயின. அன்றைக்கு முதலமைச்சர் நம் மாயாவதி அவர்கள். முதல் பந்தயத்தில் வென்றவருக்குக் கோப்பை கொடுத்ததும் அவர்தான். இதை எழுத எனக்கு வலிக்கிறது. ஆனால் நம்மவர் ஆட்சி என்பதால் கேள்வியை மடித்து வைத்தால், நாளைக்கு மற்றவர்களைக் கேட்க நமக்கு நாக்கு எழாது. ஒரு இடத்துக்குப் புத்தர் பெயரோ சத்தியவாணி முத்து பெயரோ வைத்துவிட்டால் அந்த மண் நமக்கு வந்துவிடாது.

அதனால் எந்தப் பெரிய நிகழ்ச்சிக்கு இடம் தேடினாலும் நாம் ஐந்து கேள்வி கேட்போம்.

ஒன்று, அந்த இடத்தில் இதற்கு முன் யார் இருந்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்?

இரண்டு, இதற்கென்றே கட்டிய இடம் வேறு இருக்கிறதா? இருந்தால் ஏன் அங்கே வேண்டாம்?

மூன்று, யார் பணம்? லாபம் வந்தால் யாருக்கு, நட்டம் வந்தால் யார் தலையில்?

நான்கு, சத்தத்தையும் நெரிசலையும் தாங்கப்போகிறவர்கள் யார், உள்ளே உட்கார்ந்து பார்க்கப்போகிறவர்கள் யார்? பெரும்பாக்கத்துப் பிள்ளை சீட்டு வாங்க முடியுமா?

ஐந்து, எல்லாம் முடிந்து தடுப்புச் சுவரை அகற்றிய பிறகு அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு விளையாட என்ன மிஞ்சும்?

இந்த ஐந்தையும் கேட்டால் சென்னைப் பந்தயத்துக்கு என் பதில் இருங்காட்டுக்கோட்டைதான். தூரம் என்பார்கள், பேருந்து விடலாம். கவர்ச்சி இல்லை என்பார்கள், நேப்பியர் பாலத்தின் கவர்ச்சி பந்தயக்காரர்களுக்கு இலவசமாகக் கிடைத்த பொதுச்சொத்து. அந்த வட்டாரத்து நிலத்துக்கும் ஒரு கதை இருக்கும், அதையும் கேட்போம். ஆனால் அங்கே பந்தயம் நடத்தப் புதிதாக ஒரு சாலையை மூட வேண்டாம், ஒரு ஆம்புலன்சைச் சுற்றிப் போகச் சொல்ல வேண்டாம்.

மீதிப் பணத்துக்கு ஒரு கணக்கு. சட்டமன்றத் தொகுதிக்கு ஒன்று என்று 'முதலமைச்சர் சிறு விளையாட்டரங்கம்' கட்டும் திட்டத்தை இதே அரசுதான் அறிவித்தது. நல்ல திட்டம். ஒன்றுக்குச் சுமார் 3 கோடி ரூபாய். 42 கோடியை 3ஆல் வகுத்தால் 14. எங்கள் குமரி மாவட்டத்தின் ஆறு தொகுதிக்கும் கொடுத்தது போக இன்னும் எட்டு மிஞ்சும். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடிய கார்த்திகா எங்கிருந்து வந்தார்? கண்ணகி நகரிலிருந்து. நகரத்துக்குள் இடமில்லை என்று தூக்கி எறியப்பட்டவர்கள் வாழும் ஊர் அது. அங்கே ஒரு மைதானம் என்ன செய்யும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

கடைசியாக, சென்னையை விட்டு நம் ஊருக்கு வருவோம். இடம் தேர்ந்தெடுப்பதில் இருக்கிற சாதி கார் பந்தயத்தோடு நிற்பதில்லை. இந்தப் பக்கத்தில் ஒரு ஊரில் விளையாட்டு மைதானம் வருகிறது என்று பேச்சு வந்தது. கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். இரண்டு இடம் சொன்னார்கள். ஒன்று ஊருக்கு நடுவே கோயிலை ஒட்டிய இடம். இன்னொன்று காலனிக்கும் ஊருக்கும் இடையில் இருக்கிற புறம்போக்கு. "அது ஒதுக்குப்புறம், அங்க யாரு வருவா?" என்று ஒருவர் எழுந்து சொன்னார். காலனியில் எழுபது எண்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர் சொன்ன அந்த 'யாரு'வில் அவர்கள் இல்லை. கோயிலை ஒட்டிய மைதானத்தில் காலனிப் பையன்கள் பந்தைத் தொட்டால் என்ன நடக்கும் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசவில்லை. நானும் தாமதமாகத்தான் எழுந்தேன். அந்தத் தாமதம் இன்னும் உறுத்துகிறது.

எங்கள் பையன்கள் இன்றைக்கும் அறுவடை முடிந்த வயலில்தான் பந்து விளையாடுகிறார்கள். நாற்று நட்டால் ஆட்டம் முடிந்தது.

எனவே தோழர்களே, உங்கள் தொகுதியில் சிறு விளையாட்டரங்கத்துக்கு எந்த இடம், யார் பரிந்துரைத்தது, வேறு எந்த இடங்கள் பார்க்கப்பட்டன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய்தான் கட்டணம். ஊராட்சி என்றால் கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். காலனிப் பெண்பிள்ளைகள் இருட்டிய பிறகும் பயமில்லாமல் நடந்து வரக்கூடிய இடமா என்று கேளுங்கள். இடத்தை முடிவு செய்துவிட்டு நம்மை அடிக்கல் நாட்டு விழாவுக்குக் கூப்பிடுவார்கள். அதற்கு முன்னால் நாம் போய் உட்கார வேண்டும்.

அந்தத் தம்பிக்கு என் பதில்: விடமாட்டாவ டே. அய்யன்காளியையும் யாரும் விடவில்லை. வண்டி ஓடியது.

ஜெய்பீம்.