குழித்துறை ஆற்றை எப்போது, எங்கே அளப்பது?

மார்த்தாண்டத்துக்காரர்களுக்கு ஆறு என்றால் குழித்துறை தாமிரபரணிதான். நெல்லைச் சீமையின் தாமிரபரணி வேறு. கோதையாறும் பரளியாறும் மூவாற்றுமுகத்தில் கூடி, குழித்துறையைக் கடந்து, தேங்காப்பட்டணத்தில் அரபிக்கடலைச் சேரும் ஆறு இது. இதன் மணலில் இறக்கிய உறைகிணறுகளை நம்பியே பல ஊர்க் குழாய்கள் இருக்கின்றன. ஆடி அமாவாசையன்று பலிதர்ப்பணம் கொடுத்து மக்கள் முங்கி எழுவதும் இதே தண்ணீரில்தான்.

இந்தத் தண்ணீர் நல்லதா என்று கேட்டால், எதற்கு நல்லது என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறையே அப்படித்தான். குளிக்கும் நீரில் 100 மில்லிக்கு கோலிபார்ம் கிருமிகள் 500ஐத் தாண்டக் கூடாது. லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது ஆக்சிஜன் கரைந்திருக்க வேண்டும். முறையாகச் சுத்திகரித்துக் குடிக்க எடுக்கும் நீருக்கோ கோலிபார்ம் 5,000 வரை போகலாம். ஆக்சிஜன் 4 இருந்தால் போதும். அப்படியானால், குடிநீர்த் திட்டத்துக்குத் தேறிய தண்ணீர், பிள்ளைகளைக் குளிக்க விடத் தகாததாக இருக்கலாம். படித்துறையில் நிற்பவருக்கு இதை யாரும் சொல்வதில்லை.

அடுத்தது நேரம். நல்ல வெயிலில் பாசி ஆக்சிஜனை வெளியே விடும். ராத்திரி அதே பாசியே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். விடியும் முன்தான் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. மீன்கள் மூச்சுத் திணறி மேலே வருவதும் அப்போதுதான். மத்தியானம் எடுத்த ஒரு போத்தல் தண்ணீர், பாசி மண்டிய ஆற்றுக்கு நற்சான்று கொடுத்துவிடும். பருவமும் அப்படியே. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. கரைபுரளும் நாளில் சாக்கடை நீர் கலந்து மறைந்துபோகிறது. பங்குனி, சித்திரையில் ஆறு மெலியும்போது வீட்டுக் கழிவு மட்டும் குறைவதில்லை. கோடையின் கடைசியிலும் முதல் மழை கழுவிவரும் நாளிலும் அளக்காத கணக்கு, கணக்கே அல்ல.

இடமும் முக்கியம். மேலே குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர்ப் பாலை ஆசிட் விட்டு உறையவைத்து ஷீட் அடிக்கிறார்கள். மிஞ்சும் புளித்த தண்ணீர் ஓடையில் இறங்கினால் அங்கே அமிலத்தன்மையைப் பார்க்க வேண்டும். நகரத்து ஓடைகள் சேருமிடத்தில் கோலிபார்ம். முகத்துவாரத்துக்கு அருகே உப்பு. மணலை அள்ளி ஆற்றுப் படுகையைத் தாழ்த்தியதன் விலை அது. தேங்காய்க் கதம்பை ஊறப்போட்ட இடங்களில் நீர் கறுத்து, அழுகிய முட்டை வாடை அடிக்கும். அதற்குக் கருவி தேவையில்லை, மூக்கே போதும்.

போத்தல் அந்த நேரத்துத் தண்ணீரை மட்டுமே சொல்லும். பல வாரத்துக் கதையைச் சொல்வது கல்லுக்கடியில் வாழும் பூச்சிகள். ஓடும் நீரில் ஒரு கல்லைப் புரட்டினால், வால் போல மூன்று இழை நீட்டிய மேபிளை இளம்புழு ஒட்டிக்கொண்டிருக்கும். நல்ல ஆக்சிஜன் இல்லாமல் அதில் பெரும்பாலான இனங்கள் பிழைக்காது. அதைக் காணோம், சேற்றில் சிவப்புப் புழுக்கள் மட்டும் நெளிகின்றன என்றால், நேற்றைய பரிசோதனை அறிக்கை எதைச் சொன்னாலும் ஆறு நலிந்துவிட்டது. ஒரு வலையும் வெள்ளைத் தட்டும் லென்ஸும் இருந்தால் கல்லூரி விலங்கியல் மாணவர்களே மாதந்தோறும் இதைப் பதிவு செய்யலாம்.

கோலிபார்ம் பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். ஆடி அமாவாசைக்கு ஒரு வாரம் முன்பே நீர் எடுத்தால், முடிவைத் தமிழில் எழுதிப் படித்துறையிலேயே பலகை வைத்துவிடலாம். இந்த ஆண்டே அதைச் செய்ய வேண்டும்.