'வாங்கு' பட்டனை அழுத்தினேன்... ஆனால் வாங்கியது எதை?

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாடு முடிந்ததும் அம்மா டிவி முன்னால் உட்கார்ந்தார். "நீ வாங்கிக் கொடுத்தியே, அந்தப் படத்தைப் போடுடி" என்றார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஆப்பில் அவருக்காக வாங்கிய பழைய படம். வாடகைக்கு எடுக்கவில்லை, கூடுதல் காசு கொடுத்து 'வாங்கு' பட்டனைத்தான் அழுத்தியிருந்தேன். தேடினால் போஸ்டர் வருகிறது. அழுத்தினால், 'இந்தப் படம் தற்போது கிடைக்கவில்லை'.

"வாங்கினேன்னுதானே சொன்ன? அப்புறம் எப்படி இல்லாமப் போகும்?"

நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். விதிமுறைகள் பக்கத்தின் இணைப்பை அனுப்பிவிட்டு முடித்துக்கொண்டார்கள். படித்தேன். (ஆமாம், முதல் முறையாக.) எல்லாம் அதில் தெளிவாகவே இருக்கிறது.

விஷயம் இதுதான். டிவிடி வாங்கினால் அந்த வட்டு உங்கள் பொருள். பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம், பழைய கடையில் விற்கலாம், கடைக்காரர் கடையை மூடினாலும் படம் ஓடும். ஆப்பில் 'வாங்கும்போது' கிடைப்பது பார்ப்பதற்கான அனுமதி மட்டும். அந்த ஆப்புக்கே படம் சொந்தமில்லை. தயாரிப்பாளரிடமோ விநியோகஸ்தரிடமோ இன்ன நாட்டுக்கு, இத்தனை வருடத்துக்கு என்று ஒப்பந்தம் போட்டிருப்பார்கள். அது முடிந்து, புதுப்பிக்காமல் விட்டால் நம் அனுமதிக்கும் ஆபத்து.

"நான் டவுன்லோட் பண்ணி வெச்சிருக்கேனே" என்கிறீர்களா? அதுவும் பெரும்பாலும் உதவாது. டிஆர்எம் என்ற பூட்டோடுதான் அந்த ஃபைல் வருகிறது. பெட்டி உங்கள் வீட்டில், சாவி கம்பெனி சர்வரில்.

இது புதிய கதையும் இல்லை. 2009-ல் அமேசான், கிண்டிலில் காசு கொடுத்து வாங்கியிருந்தவர்களின் கருவிகளிலிருந்து சில புத்தகங்களை ஒருநாள் தானாகவே அழித்தது. விற்றவருக்கு உரிமை இல்லையாம். பணம் திரும்பக் கொடுத்தார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். அழிக்கப்பட்ட புத்தகங்களில் ஒன்று, அரசே பழைய பதிவுகளை அழித்து எழுதும் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984'! 2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோது விற்ற நூல்கள் அத்தனையும் மறைந்தன. அங்கேயும் பணம் வந்தது, புத்தகம் போனது. 2023 டிசம்பரில் சோனி, பிளேஸ்டேஷனில் மக்கள் வாங்கியிருந்த டிஸ்கவரி நிகழ்ச்சிகளை நீக்கப்போவதாக அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் பின்வாங்கியது.

ஓடிடி-யே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாதச் சந்தா கட்டும்போது அது வாடகை என்று எல்லோருக்கும் தெரியும். படம் போனால் எரிச்சல் வரும், ஏமாந்த உணர்வு வராது. என் கோபம் அந்த ஒரு சொல்லின் மீதுதான். தருவது அனுமதி என்றால் 'வாங்கு' என்று ஏன் எழுத வேண்டும்?

கலிஃபோர்னியா இதைச் சட்டமாகவே கேட்டுவிட்டது. 2025 ஜனவரி 1 முதல், கிடைப்பது உரிமம்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் டிஜிட்டல் சரக்குக்கு 'பை', 'பர்ச்சேஸ்' போன்ற சொற்களைப் போட முடியாது. இணையம் இல்லாமலும் நிரந்தரமாக வைத்துக்கொள்ளும்படி ஃபைலைத் தந்துவிட்டால் விலக்கு. நம் நாட்டில் 2023 நவம்பரில் மத்திய அரசு 'டார்க் பேட்டர்ன்' எனப்படும் 13 வகை ஆன்லைன் தந்திரங்களைத் தடை செய்தது. கேட்காமலே கூடையில் பொருள் சேர்ப்பது, சந்தாவை ரத்து செய்ய விடாமல் அலைக்கழிப்பது எல்லாம் பட்டியலில் உண்டு. இந்த 'வாங்கு' பட்டனுக்கென்று தனியாக எதுவும் இல்லை. 14-வதாக இதைச் சேர்ப்பதில் என்ன கஷ்டம்?

ஒரு படத்துக்கு இவ்வளவா என்று தோன்றலாம். என் சில நூறு ரூபாய் போகட்டும். தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்', 1931 அக்டோபர் 31-ல் வெளியானது. டி.பி.ராஜலட்சுமி நடித்தது. இன்று நாம் யாரும் அதைப் பார்க்க முடியாது, ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டதே 1964-ல்தான். அவ்வளவு பழைய காலம் வேண்டாம், 1988-ல் வந்த, தேசிய விருது பெற்ற 'வீடு' படத்தின் நெகட்டிவ் இல்லாமல் போனதைப் பற்றி பாலுமகேந்திராவே வருந்திப் பேசியிருக்கிறார்.

மறுபக்கம் ஜெர்மனியின் 'மெட்ரோபோலிஸ்'. 1927-ல் வெளியான கொஞ்ச நாளிலேயே வெட்டிக் குறைக்கப்பட்ட படம். தொலைந்தே போய்விட்டதாக நினைத்த காட்சிகள் 2008-ல் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸில், ஒரு மியூசியத்தில் கிடைத்தன. மியூசியத்துக்கு அது எங்கிருந்து வந்தது? ஒரு காலத்தில் அந்த ஊர் சினிமா விமர்சகர் ஒருவர் தனக்கென்று வைத்திருந்த பிரதி, கைமாறிக் கைமாறி அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. படத்தை எடுத்த நிறுவனம் காப்பாற்றாததை, யாரோ ஒருவரின் அலமாரி காப்பாற்றியது. இப்போது நேரடியாக ஓடிடி-யில் மட்டுமே வெளியாகும் படங்களை நினைத்தால் எனக்குக் கவலை அங்கேதான் வருகிறது. டிவிடி கிடையாது, ஃபிலிம் பிரதி கிடையாது. எந்த அலமாரியில் போய்த் தேடுவது?

டிவிடி மட்டும் சாசுவதமா என்றால் இல்லைதான். கீறல் விழும், பூஞ்சை பிடிக்கும், பிளேயரே கிடைக்காது. புது லேப்டாப்பில் வட்டு போட இடமே இல்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் அலைந்து யூஎஸ்பி டிரைவ் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அம்மாவின் படத்துக்கு ஒரிஜினல் டிவிடிதான் இன்னும் கிடைத்தபாடில்லை. போனில் பேசும்போதெல்லாம் விசாரிக்கிறார், "கிடைச்சுதா? இந்தத் தடவை கையில வாங்கிட்டு வா."